முழுப்பேர்ப் பிரகடனம்

கதை ஒருவரின் தனிச்சொத்து என்ற காலம் முடிந்தது. மலை பிறர் கண்ணுக்கான காட்சிப்பொருள் என்ற காலமும் அதனோடு முடிந்தது. அந்த இரண்டு முடிவுகளும் சந்திக்கும் இடத்தில் நின்று, நீலகிரியில் வாழ்ந்து எழுதும் நாங்கள் அறிவிக்கிறோம்: இந்த மலையின் இன்னொரு காலத்தை இனி நாங்கள் சேர்ந்து எழுதுவோம்.

கொளப்பள்ளி, சேரம்பாடித் தோட்டத் தொழிலாளர் லயங்களில் பிறந்தவர்கள் எங்களில் உண்டு. கோத்தகிரிச் சரிவில் ஒரு ஏக்கர் தேயிலையை நம்பி வாழும் படுகர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் கழுவும் கைகளும், ஊட்டி விடுதிகளில் பிறர் போர்த்திய கம்பளியை மடிக்கும் கைகளும் எங்களிடையே எழுதுகின்றன. எங்களைச் சேர்த்தது ஒரு நாவலின் மீது நாங்கள் கொண்ட தீராத பற்று.

அந்த நாவல் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ‘மீண்டும் ஜீனோ’ அதன் தொடர்ச்சி. ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆளும் இந்தியா. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும் நாடு. அங்கே நிலா என்னும் பெண்ணும், தானே சிந்திக்கும் ஜீனோ என்னும் இயந்திர நாயும். கதை நிகழ்வதாக சுஜாதா குறித்த 2020களின் தொடக்கம் வந்தது, போனது. ஜீவாவும் வரவில்லை, ஜீனோவும் வரவில்லை. ஆரூடம் பொய்த்தது என்பவர்கள் அறிவியல் புனைவை ஜாதகமாக வாசித்தவர்கள். எங்கள் வாசிப்பு வேறு. அந்த ஆண்டுகள் கடந்த கணத்தில் அந்நாவல் எதிர்காலம் என்ற கட்டிலிருந்து விடுபட்டது. நம் காலத்துக்கு அருகே இணையாக ஓடும் மறுகாலம் ஆயிற்று. எதிர்காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். மறுகாலத்தில் குடியேறலாம்.

நாங்கள் குடியேறிவிட்டோம். சுஜாதா 2008-இல் மறைந்தார். அவர் படைத்த நாட்டில் அவர் எழுதாத மாவட்டங்கள் இருக்கின்றன. ஜீவாவின் ஆட்சி மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறியபோது என்ன நடந்தது? கல்லாறுக்கு மேல் பல்சக்கரம் பற்றி ஏறும் ரயிலில் எந்த அதிகாரி வந்து இறங்கினான்? குன்னூர் தேயிலை ஏலத்தில் யார் விலை சொன்னார்? ஜீனோ பனியில் நனைந்தால் என்ன ஆகும்? ரசிகர் புனைவு என்பது இத்தகைய கேள்விகளை விளையாட்டாகக் கேட்டு, வினையாகவே பதில் எழுதுவது.

நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ. அந்த உலகின் பெயர்கள் இரண்டெழுத்தில் நிற்கின்றன. இதை நகரத்து வாசகர் அறிவியல் புனைவின் சிக்கனம் என்று ரசித்துக் கடந்திருக்கலாம். லயத்தில் வளர்ந்தவருக்கு அது நெஞ்சில் தைக்கும். ஏனெனில் தோட்டத்தில் பேர் என்பதே கூலி. நாள் முழுதும் உழைத்தால் செக்ரோல் என்னும் பதிவேட்டில் முழுப்பேர். கொழுந்தின் எடை குறைந்தால் அரைப்பேர். இலங்கை மலையகத்தின் இந்தச் சொல், கடல் கடந்து கூடலூருக்கும் பந்தலூருக்கும் வந்தவர்களின் வாயோடு வந்தது. மனிதரின் பெயரைப் பாதியாக வெட்டும் ஆட்சியைச் சுஜாதா கற்பனை செய்வதற்கு முன்பே எங்கள் பாட்டிகள் அதில் வாழ்ந்திருந்தார்கள். ஆகவே எங்கள் இயக்கத்தின் முதல் கொள்கை ஒரே சொல்லில் அடங்கும்: முழுப்பேர். கதையில் வரும் ஒவ்வொருவருக்கும் முழுப்பேர். கதை எழுதும் ஒவ்வொருவருக்கும் முழுப்பேர்.

1964 அக்டோபர் 30 அன்று, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் மலையகத் தமிழரைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்டது. 1974-இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, ஒரு பகுதியினர் இந்த மலைக்கு வந்தார்கள். காடு திருத்தி அரசு நட்ட தேயிலையில், இன்று டேன்டீ என்று நாம் அழைக்கும் தோட்டங்களில், மீண்டும் கொழுந்து பறித்தார்கள். இது நடந்த காலம். எங்கள் மறுகாலம் அந்த அக்டோபர் நாளில்தான் கிளைபிரிகிறது. எங்கள் கதையில் அந்த ஒப்பந்தக் கூடத்தில் மூன்றாவது நாற்காலி ஒன்று இருந்தது. அதில் கொழுந்து பறிக்கும் ஒருத்தி வந்து அமர்ந்தாள். அவள் என்ன சொன்னாள் என்பதில் நாங்கள் உடன்படவில்லை. உடன்பட வேண்டியதும் இல்லை. அவள் மறுத்தாள் என்று ஒருவர் எழுதட்டும். எல்லோரையும் அழைத்துக்கொண்டு தானே விரும்பிக் கடல் கடந்தாள் என்று இன்னொருவர் எழுதட்டும். இரண்டும் நிற்கும். இரண்டிலும் அவள் அமர்ந்திருந்தாள் என்பது மட்டும் மாறாது.

பிறர் கதையை எடுத்து எழுதுவது எங்கிருந்தோ இறக்குமதியான பழக்கம் என்பார் உண்டு. கோவலன் மாதவி மகளுக்குத் தனிக்காப்பியம் கொடுத்தவர் சாத்தனார். வான்மீகியின் தடத்தில் நடந்து, வேண்டிய இடத்தில் வேறு தடம் போட்டவர் கம்பர். இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தி கேட்ட அகலிகையை மீண்டும் கல்லாக்கினார் புதுமைப்பித்தன், ‘சாபவிமோசன’த்தில். கல்கி 1954-இல் முடித்த பொன்னியின் செல்வனை விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யாகத் தொடர்ந்தார். பிறர் கதைக்குள் நுழைந்து அங்கே ஒரு அறை கட்டுவது தமிழில் என்றும் திருட்டு ஆனதில்லை.

இந்த மலையிலேயே அதைவிட நெருங்கிய சான்று உண்டு. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்த மொழியியலாளர் எமனோ, தோடர் பாடல்களைக் கேட்டு எழுதினார்; 1971-இல் அவை பெரும் நூலாக வெளிவந்தன. தோடர் மரபில் பாட்டுக் கட்டத் தனிப் புலவர் தேவையில்லை. வாழ்வில் எது நடந்தாலும், மரபு தந்த சொற்றொடர்களை இணை இணையாக வைத்து எவரும் பாடலாம். ஒரு தொடர் சொன்னால் அதன் இணைத்தொடர் வந்தே தீரும். எல்லோரும் அறிந்த பொதுச்சொல்லிலிருந்து தன் நாளைப் பாடுதல்: கூட்டுப் புனைவுக்கு இதைவிடச் செம்மையான இலக்கணம் எங்களுக்குத் தெரியாது. இதை நாங்கள் கற்றுக்கொள்வோம், எடுத்துக்கொள்ளமாட்டோம். தோடரின் மந்து என்னும் குடியிருப்பும் எருமையும் கோத்தரின் இசையும் எங்கள் கதைக்கு அலங்காரமாக வரமாட்டா. அவர்களுள் ஒருவர் எழுத வரும்போது அவை அவர் சொல்லாக வரும்.

உலகின் பிற மூலைகளிலும் எங்களுக்கு உறவுகள் உண்டு. 1967-இல் நியூயார்க்கில் ‘ஸ்டார் டிரெக்’ ரசிகைகள் ‘ஸ்பாக்கனேலியா’ என்ற சிற்றிதழைத் தாங்களே தொகுத்து வெளியிட்டார்கள். எங்கள் மனத்துக்கு இன்னும் நெருங்கியவர் எரிக் ஃப்ளின்ட். 2000-இல் வந்த ‘1632’ நாவலில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றைப் பெயர்த்து, முப்பதாண்டுப் போரில் எரிந்துகொண்டிருந்த ஜெர்மனியில் நட்டார். பிறகு வாசகர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். வந்தவர்கள் கதை எழுதினார்கள். அந்த ஊரின் கைத்திறனால் எந்த மருந்து, எந்த எந்திரம் செய்ய இயலும் என்று கணக்குப் போட்டு வாதாடினார்கள். ‘கிரான்ட்வில் கெஜட்’ என்ற அவர்களின் இதழ் நூறைத் தாண்டியது. அந்த ஊரை வழிநடத்துபவர்கள் சுரங்கத் தொழிற்சங்கத்தார் என்பது எங்களுக்குச் சிறு செய்தி அன்று. வரலாறு கிளைபிரியும்போது அதன் கைப்பிடி உழைப்பவர் கையில் இருக்கலாம் என்று முன்பே ஒருவர் எழுதிக்காட்டியிருக்கிறார்.

எங்கள் மறுகாலத்தின் நடுவிடம் முத்தோரை. ஊட்டிக்கு அருகே, கோவிந்த் ஸ்வரூப்பின் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் 1970-இல் இயக்கத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 சட்டங்கள்மீது, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய ஏறத்தாழ 1,100 எஃகுக் கம்பிகள். அதைப் படிக்கும்போதெல்லாம் எங்களை நிறுத்தி வைப்பது அதன் கிடப்புதான். அந்த இடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அந்தச் சரிவின் சாய்வும் அதே 11 பாகை. அத்தகைய சரிவைத் தேடிக் கண்டுபிடித்து வடக்குத் தெற்காகக் கிடத்தியதால், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும். ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் தொடரலாம். கருவியின் பாதியை மலை முன்பே செய்து வைத்திருந்தது. ஒரு கம்பி தனித்து எதையும் கேட்பதில்லை. ஆயிரத்து நூறும் சேர்ந்து வளைந்தால் பால்வீதிக்கு அப்பாலிருந்து வரும் அலையும் அகப்படுகிறது.

எங்கள் கதையில் அந்தக் கம்பிகள் ஒரு நாள் ஓர் அழைப்பைக் கேட்கின்றன. அழைப்பு இணை இணையாக வருகிறது. ஜீவாவின் ஆட்சி அதை மறைக்க முயல்கிறது. யார் அழைத்தார் என்பதைத் திறந்தே வைத்திருக்கிறோம். செய்தி எங்கே ஒளிக்கப்பட்டது என்பதை மட்டும் முடிவு செய்துவிட்டோம்: 1960-இல் அரசு தொடங்கி, நம் காலத்தில் ஓய்ந்துபோன ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை எங்கள் காலத்தில் ஓயவில்லை. ஜீவாவின் திரைகள் எட்டாத நினைவு அங்கே, ‘இந்து’ படச்சுருளில் பதிந்து கிடக்கிறது. மூடிய ஆலையை மீண்டும் திறக்கும் வல்லமை எங்களுக்கு இல்லை. அதில் வேலை செய்தவரின் கைப்பழக்கத்தைக் கதையில் ஓட வைக்கும் வல்லமை உண்டு.

நாங்கள் மறுப்பவை சில. மலைகளின் அரசி என்ற பட்டத்தை மறுக்கிறோம். அரசி என்றால் எங்கோ ஓர் அரசன் சொந்தம் கொண்டாடுகிறான். ‘மூன்றாம் பிறை’யின் பிரிவைக் கேத்தி ரயில் நிலையத்தில் கண்டு தமிழகமே அழுதது, நாங்களும் அழுதோம். ஆனால் அந்த மேடையைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் எந்தக் காமிராவும் நெடுநேரம் நிற்கவில்லை. நாங்கள் நிற்போம். சாய்ந்த தேயிலையைப் பச்சைக் கம்பளம் என்று எழுதுவதை மறுக்கிறோம். கம்பளத்தில் அட்டை கடிக்காது.

எங்கள் கதைக்கு விலை வைப்பதை மறுக்கிறோம். மூலம் சுஜாதாவுடையது என்பதை நாங்கள் கதை எழுதும் ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கமும் சொல்லும்; சொல்லாத நோட்டு எங்களுடையது அன்று. ஒருவர் உயிர் கொடுத்த பாத்திரத்தை, அவர் ஒப்புதல் இன்றி இன்னொருவர் கொல்லமாட்டார். படுகு மொழியிலோ இருளர் மொழியிலோ ஒருவர் எழுதினால், தமிழாக்கு என்று கேட்கமாட்டோம். அவரே வந்து வாசிப்பார்; நாங்கள் கேட்டுப் பழகுவோம். முதல் எழுத்தாளர், துணை எழுத்தாளர் என்ற வரிசையை மறுக்கிறோம். பிழை திருத்துபவரின் பேரும் கதை சொன்னவரின் பேரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். கையெழுத்துத் தெரியாத பெரியவர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினால், அங்கே இரண்டு முழுப்பேர்.

செயல்முறை எளியது. இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு. இடப்பக்கம் கதை, வலப்பக்கம் மறுப்பு. கதை எழுதியவர் வலப்பக்கத்தைத் தொடக்கூடாது; மறுப்பவர் இடப்பக்கத்தை அடிக்கக்கூடாது. ஒருவர் பதினைந்து நாள் வைத்திருக்கலாம். பிறகு அது பேருந்தில் அடுத்த ஊருக்குப் போகும்: பந்தலூரிலிருந்து கூடலூர், கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக ஊட்டி, அங்கிருந்து கோத்தகிரி. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் கதை அந்த ஊரிலேயே தங்கும். தங்கிய ஊர் இன்னும் ஒரு அத்தியாயம் எழுதும். குறிஞ்சி பூக்கும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா நோட்டுகளையும் ஒரே இடத்தில் வைத்து, எந்தக் கிளைகள் பிழைத்தன என்று பார்ப்போம். முதல் கூடுகை 2030.

முதல் நோட்டு புறப்பட்டுவிட்டது. அதன் முதல் இடப்பக்கத்தில் தொழிலாளர் பேர் பதியும் விடியற்காலைப் பிரட்டுக் களம். ஆலைச் சங்கு ஊதி முடிகிறது. பனிக்குள் ஜீவாவின் அதிகாரி நிற்கிறான். கையில் புதுச் சட்டம். இன்று முதல் எவர் பேரும் இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது. மாரியாயி முன்னால் வருகிறாள். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை.

“இனி நீ மாரி.”

“வெட்டறதுக்கு என்னாங்க இருக்கு? நேத்துதான் அரைப்பேரு போட்டீங்க. மிச்சம் பாதிய மொதல்ல குடுங்க, அப்புறம் வெட்டலாம்.”

களத்தின் ஓரத்தில், தேயிலைத் தூருக்குக் கீழே, ஜீனோ காதை நிமிர்த்துகிறது. அத்துடன் இடப்பக்கம் முடிகிறது. வலப்பக்கத்தில் கூடலூர்க்காரர் ஒருவர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: ‘அந்தக் கூடையில் எத்தனை கிலோ என்று போடவில்லை. போட்டுவிட்டு அனுப்புங்கள்.’