சுவரை நிமிர்த்தாமல் டைல் ஒட்டாதீர்கள்

போன வாரம் ஒரு நாள் காலை ஐந்தரை மணி. எங்கள் புனே ஃப்ளாட்டின் குளியலறையில் 'டமார்' என்று ஒரு சத்தம். ஷவர் பக்கச் சுவரிலிருந்து ஒரு டைல் விழுந்து சுக்குநூறு. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா குளித்துவிட்டு வெளியே வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கு வயது 74. இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

முதலில் மிஸ்திரியைத்தான் திட்டினேன். யோசித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் குற்றம் என்னுடையது. நாலு வருஷம் முன்னால் அவர் தூக்குக்குண்டு பிடித்துக் காட்டினார். மேலுக்கும் கீழுக்கும் 20 மி.மீ. வித்தியாசம். "சாப், பெஹ்லே பிளாஸ்டர்" என்றார். தனிக் காசு, கூடுதலாகப் பத்து நாள். நான் விடுவேனா? சதுர அடி ரேட்டுக்குள்ளேயே முடிக்கச் சொன்னேன். அவரும் முடித்தார், பள்ளத்தில் கலவையை உருண்டை உருண்டையாக அப்பி! விழுந்த டைலுக்குப் பின்னால் நாலு மூலையும் காலி.

வாராக்கடனைப் புதுக்கடன் கொடுத்து மறைப்பதும் இதேதான். பாங்கில் இருபது வருஷம் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

என் கட்சி இதுதான்: சுவரை நிமிர்த்துவது தனி வேலை, அதற்குத் தனிக் கூலி. எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும் பூச்சை உடைத்தெடுக்க வேண்டும். ஜிப்சம் பூச்சு இருந்தால் அதுவும் போகட்டும். ஈரத்தில் அது நிற்காது. பிறகு சுவரைக் கொத்தி, நனைத்து, ஒன்றுக்கு நாலு சிமெண்ட் பூச்சு. பள்ளம் ஆழமென்றால் இரண்டு தடவையாகப் பூச வேண்டும். ஏழு நாள் தண்ணீர் காட்டி, காயவிட்டு, வாட்டர்ப்ரூஃப் அடித்து, அப்புறம்தான் டைல். 2 மீட்டர் நேர்ப்பலகையை வைத்தால் இடுக்கு 3 மி.மீ.யைத் தாண்டக்கூடாது. டைல் பசையே மட்டமாக்கிவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். அது ஒட்டுவதற்கு, பள்ளம் நிரப்புவதற்கு அல்ல.

அதுவரை எங்கே குளிப்பது என்பீர்கள். நியாயம்தான், சித்தப்பா வீடு அடுத்த தெருவில் இல்லாத ஊர் இது. நாங்கள் இப்போது எதிர் ஃப்ளாட் மராட்டிக்காரர் வீட்டுக்குத் துண்டும் சோப்புமாகப் போய் வருகிறோம். அதே மிஸ்திரியைத்தான் மறுபடி கூப்பிட்டிருக்கிறேன். இந்த முறை பேரம் இல்லை. "மொதல்ல செவத்த நேராக்குல" என்று அம்மா உத்தரவு.

இன்றைக்கே ஒரு ரூபாய் நாணயத்தால் உங்கள் வீட்டு டைல்களைத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் வீட்டுப் பெரியவர்களை அந்தப் பக்கம் விடாதீர்கள்.