பிரிட்டிஷ்காரனுக்குப் பந்து ஓட்டத் தெரியாதா?

ரெண்டு வாரமா ஆணி அதிகம், கடைப்பக்கம் வர முடியலை. வந்ததும் வராததுமா சண்டையோட வர்றேன், மன்னிக்கணும் மக்களே.

ஹாஸ்டல் காலத்துலேர்ந்து கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போன வசனம் ஒண்ணு இருக்கு. பிரேசில்காரன் பந்தோட பேசுவான், ஸ்பெயின்காரன் பந்தைத் தாலாட்டுவான், இங்கிலாந்துக்காரன் பந்தை வானத்துக்கு அனுப்பிட்டு அண்ணாந்து பார்ப்பான். போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல ஒரு நண்பர் இன்னும் ஒரு படி மேல போய், "அவனுங்க ரத்தத்துலயே ஸ்கில் கிடையாதுடா"ன்னார். ரத்தமாம்!

ரத்தத்துல ஒரு கோளாறும் இல்லை சாமி. இருந்தவங்களை உட்கார வெச்சாங்க.

எழுபதுகளை எடுத்துக்குங்க. ஸ்டான் போல்ஸ், ஆலன் ஹட்சன், சார்லி ஜார்ஜ், ஃப்ராங்க் வொர்த்திங்டன், டோனி கரி, ராட்னி மார்ஷ். பந்தைக் காலோட ஒட்டவெச்சுக்கிட்டு ஆடின ஆளுங்க. இங்கிலாந்துக்கு ஆடினது வரிசையா 5, 2, 1, 8, 17, 9. ஆறு பேருக்கும் சேர்த்து 42 மேட்ச். எம்லின் ஹ்யூஸ் ஒருத்தர் மட்டும் 62. (எம்லின் ரசிகர்கள் அடிக்க வராதீங்க, நல்ல ப்ளேயர்தான்.) சரி, அப்படித் தேர்ந்தெடுத்து என்ன கிழிச்சாங்க? 1974, 1978 ரெண்டு உலகக்கோப்பைக்கும் தகுதியே பெறலை.

"அவனுங்க குடிகாரனுங்க, சூதாடிங்க"ன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும். போல்ஸ் பந்தயத்துல காசை விட்டவர்தான், மறுக்கலை. அப்ப கிளென் ஹாடில்? 1979-ல பல்கேரியாவுக்கு எதிரா முதல் மேட்ச், அதுலயே கோல். அடுத்த மேட்ச்சுல ஆளைக் காணோம்! ரெண்டு கால்லயும் நாற்பது கஜம் தள்ளி நிக்கிறவன் நெஞ்சுல பந்தை இறக்கக்கூடியவருக்கு, 1988 வரைக்கும் விட்டுவிட்டுக் கிடைச்சது 53 மேட்ச். 1987-ல மொனாக்கோவுக்கு வெங்கர் கூட்டிட்டுப் போனார். முதல் சீசன்லயே பிரெஞ்சு லீக் கோப்பை. மனுஷன் அதேதான், ரத்தமும் அதேதான்.

ஏன் இப்படின்னு தோண்டினா, கடைசியில ஒரு கணக்குத் தப்புல போய் நிக்குது. நம்ம ஏரியா, அதனால கொஞ்சம் நின்னு பேசிக்கிறேன். சார்லஸ் ரீப்னு ஒருத்தர், பிரிட்டிஷ் விமானப்படையில கணக்கு வழக்கு பார்த்தவர். 1950-ல ஸ்விண்டன் மேட்ச் ஒண்ணுல பேப்பரும் பென்சிலுமா உட்கார்ந்து ஒவ்வொரு பாஸையும் குறிக்க ஆரம்பிச்சார், அப்புறம் வாழ்நாள் பூரா அதே வேலைதான். அவர் கண்டுபிடிச்சது: கோல்கள்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் மூணு பாஸுக்குள்ள வந்துடுது. அதனால பாஸ் பண்ணிக்கிட்டு நேரத்தை வீணாக்காதே, தூக்கி முன்னால அடி! இங்கிலாந்து ஃபுட்பால் அசோசியேஷன்ல சார்லஸ் ஹ்யூஸும் தனியா எண்ணிப்பார்த்து ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1990-ல அவர்தான் கோச்சிங்குக்கே தலைவர்.

ஆனா ரீப்போட அதே நோட்டுல இன்னொரு நம்பரும் இருக்கு. மொத்த ஆட்டத்துல 90 சதவீதத்துக்கு மேல மூணு பாஸ் தாண்டாத நகர்வுகள்தான். நம்ம பாஷையில சொல்றேன். டீம்ல பத்துக்கு ஒன்பது பேர் ஜாவா எழுதறாங்க. வர்ற நல்ல கோட்ல 80 சதவீதம் அவங்களோடது. அப்ப ஜாவா ஆளுங்கதான் கில்லாடியா? மிச்சம் இருக்கிற ஒரே ஒருத்தன் 20 சதவீதம் எழுதியிருக்கானேப்பா! முதல் செமஸ்டர் புள்ளியியல் தப்பு இது. இந்தச் சிந்தனையிலதான் ஒரு தேசத்துப் பசங்களுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்திருக்காங்க.

அயர்லாந்து கதை இன்னும் வயித்தெரிச்சல். லியாம் பிரேடி, என்ன இடது கால் தெரியுமா! 1980-ல யுவெண்டஸுக்குப் போய் ரெண்டே சீசன், ரெண்டும் சாம்பியன். ரெண்டாவது பட்டத்தை உறுதி பண்ணின கடைசி நாள் பெனால்ட்டி இவர் அடிச்சது. அதுவும், தன் இடத்துக்கு பிளாட்டினி வர்றார்னு தெரிஞ்சப்புறம். இத்தாலிக்காரனே தலையில தூக்கிவெச்ச ஆளை, 1989-ல மேற்கு ஜெர்மனிக்கு எதிரான நட்பு ஆட்டத்துல, சொந்த ஊர் டப்ளின்ல, முதல் பாதிகூட முடியாம வெளிய கூப்பிட்டார் ஜாக் சார்ல்டன். சர்வதேச ஆட்டமே வேணாம்னு பிரேடி ஒதுங்கிட்டார்.

"ஆனா சார்ல்டன் 1990-ல கால் இறுதிக்குக் கொண்டுபோனாரே"ன்னு கேட்பீங்க. கொண்டுபோனார். அவருக்கு முன்னாடி யாருமே அயர்லாந்தை உலகக்கோப்பைக்குக் கூட்டிட்டுப் போனதில்லை, அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஆனா அந்தக் கோப்பையில அஞ்சு மேட்ச்சுல ரெண்டு கோல். பிரேடி இருந்திருந்தா மூணாவது விழுந்திருக்காதுன்னு யாராவது நிரூபிங்க, மொட்டை போட்டுக்கறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். 1998-ல நடந்ததை முடியலை. மேட் லெ டிஸியே, சவுதாம்ப்டன்ல 48 பெனால்ட்டி அடிச்சு 47 கோலாக்கின மனுஷன். உலகக்கோப்பைக்கு முன்னாடி இங்கிலாந்து 'பி' அணிக்காக ரஷ்யா 'பி'யை எதிர்த்து ஹாட்ரிக் அடிச்சார். ஆனாலும் பிரான்ஸ் போற அணியில பேர் இல்லை. மேனேஜர் யாருங்கறீங்க? நம்ம கிளென் ஹாடில்! மாமியார்கிட்ட இடிபட்ட மருமகள் மாமியார் ஆன கதை.

அப்புறம் பால் ஸ்கோல்ஸ். 2004 யூரோல இடது ஓரத்துல தள்ளிவெச்சாங்க, அந்த வருஷமே 29 வயசுல சர்வதேச ஆட்டத்தை விட்டுட்டார். 2024 யூரோவுல கோல் பால்மர் ஒரு மேட்ச்சுலகூட முதல் பதினொண்ணுல இல்லை. இறுதி ஆட்டத்துல பாதியில வந்து கோல் போட்டார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னா, எங்க காலேஜ் டீம்ல ஒரு ஒல்லிப்பையன் இருந்தான். பந்து அவன்கிட்ட வந்தா மத்தவங்க மூச்சு விடலாம். "இவன் ஓட மாட்டேங்கிறான்"னு கோச் மூணு வருஷம் பெஞ்சுல வெச்சிருந்தார். நான் ஓடுவேன், அதனால நான் ஆடினேன். இன்னிவரைக்கும் அவன்கிட்ட அதைப் பத்திப் பேசினதில்லை.

(ஜார்ஜ் பெஸ்ட் எங்கேன்னு கேட்பீங்க. அவருக்குத் தனிப்பதிவு, பெஸ்டை இப்படி நடுவுல நுழைக்கக் கூடாது.)

கேண்டீன் நண்பருக்கு நேத்து ராத்திரி லெ டிஸியே 1993-ல நியூகாசிலுக்கு எதிரா அடிச்ச கோலை அனுப்பினேன். பின்னால வர்ற பந்தைக் குதிகாலால முன்னால தட்டி, ஒருத்தனைத் தாண்டி, இன்னொருத்தன் தலைக்கு மேல தூக்கி, உள்ள தள்ளுவார் பாருங்க, அதுதான். பத்து நிமிஷத்துல பதில் வந்தது: "சூப்பர்டா. பேரைப் பார்த்தா பிரெஞ்சுக்காரன் மாதிரி இருக்கே?"

கெர்ன்சி தீவுக்காரர், இங்கிலாந்துக்கு மொத்தம் 8 மேட்ச்னு டைப் பண்ணி அனுப்பிட்டுத் தூங்கப்போயிட்டேன்.