கறள் பிடித்த மெசினை நிறுத்து விற்காதீர்கள்



ஊரை விட்டு ஓடும்போது தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு ஓட முடிவதில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களும், 2008, 2009இல் வன்னியில் இடம் மாறி மாறி அலைந்தவர்களும் அதைச் சாக்கில் சுற்றிப் புதைத்தார்கள், அல்லது வீட்டில் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் கைச்சில்லு அசையாது. பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் விலை சொல்வார். உடனே கொடுத்துவிடாதீர்கள்.

நான் இருப்பது இரத்மலானையில். சிங்கர் தையல் மெசின்களைப் பொருத்திய தொழிற்சாலை இங்கே காலி வீதியில்தான் இருந்தது. கடற்காற்று வீசும் ஊர் என்பதால் கறளோடு எங்களுக்கும் பழக்கம் உண்டு. வீட்டில் நாலு பிள்ளைகளுக்குத் தையல் பழக்குகிறேன். போன வருடம் கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கச்சி, தாயின் கறுப்பு மெசினின் தலையை மட்டும் கழற்றி பஸ்ஸில் கொண்டு வந்தாள். இரண்டு பாஸ்மார் "இது சரிவராது" என்று சொல்லிவிட்டார்களாம்.

இரும்பு கறளாகும்போது முன்பிருந்ததைவிடக் கூடுதல் இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் இரண்டு துண்டுகளுக்கு இடையில் ஆப்பு வைத்ததுபோல இறுகிவிடுகிறது. பலம் போட்டுத் திருகினால் உடைவது கறள் அல்ல, மெசின்தான். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது.

முதலில் பொபின் பக்கம் பாருங்கள். பல மெசின்கள் கறளால் அல்ல, சுற்றிக்கொண்ட நூலால்தான் நிற்கின்றன. அடுத்தது பழைய எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்ட மெசினில் அது காய்ந்து பிசினாகியிருக்கும். (எங்கள் பெண்களுக்குத் தேங்காய் எண்ணெய்தான் எல்லாவற்றுக்கும் மருந்து!) நல்ல வெயிலில் அரை நாள் வைத்தால் பிசின் இளகும்.

அதன்பிறகு மண்ணெண்ணெய். அசைய வேண்டிய ஒவ்வொரு இடத்திலும், எண்ணெய்த் துளைகளிலும் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் கைச்சில்லை முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். ஒரு நூலிடை அசைந்தாலும் போதும், பாதை திறந்துவிட்டது. திரும்பவும் விடுங்கள், திரும்பவும் அசையுங்கள். அந்தத் தங்கச்சியின் மெசினுக்கு ஆறு நாள் சென்றது. நாலாம் நாள்வரை எனக்கே நம்பிக்கை குறைவுதான். அடுப்பு, விளக்குக்குக் கிட்ட இந்த வேலை வேண்டாம். நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடவும் வேண்டாம்.

இறுகிய ஸ்குறூவுக்கு அதன் வெட்டில் சரியாகப் பொருந்தும் ஸ்குறூட்றைவரைத்தான் பிடிக்க வேண்டும். பிடியின் தலையில் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. பிறகு ஒரு சொட்டு இறுக்கிப் பார்த்து, அதன்பிறகே கழற்றுங்கள். தலை தேய்ந்தால் பெருங்கஷ்டம். பழைய சிங்கரின் பல ஸ்குறூக்களுக்கு மரை வேறு, சாதாரணக் கடையில் கிடைப்பவை பொருந்தாது. தங்கப் பூ வேலைப்பாட்டில் ஸ்பிரிட் படவே கூடாது, பழைய வார்னிஷ் கரைந்துவிடும்.

இன்னொன்று. இதெல்லாம் நீங்கள் அறிந்த உங்கள் பொருளுக்குத்தான். மண்ணுக்குள்ளிருந்து வரும், இன்னதென்று தெரியாத கறள் இரும்பைத் தட்டவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். பிள்ளைகளை விலக்கிவிட்டுப் பொலிஸுக்கோ கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ அறிவியுங்கள். புதைத்த மெசினைத் தேடித் தோண்டுவதும் அந்த நிலம் துப்புரவாக்கப்பட்டது என்று உறுதியான பிறகுதான்.

மெசின் சுற்றத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். மண்ணெண்ணெய் கறளோடு எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடும். நன்றாகத் துடைத்து, எல்லாத் துளைகளுக்கும் தையல் மெசின் எண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். பிறகு பழஞ்சேலைத் துண்டில் தையுங்கள். எண்ணெய்க் கறை விழுவது நின்ற பிறகுதான் மற்றவர்களின் புதுத் துணியைக் கையில் எடுக்கலாம்.