முளைப்பாரியும் எங்க வீட்டு அலமாரியும்

போன மாசம் அம்மா வீடியோ கால்ல முளைப்பாரி காட்டினாங்க. மானாமதுரைப் பக்கம் எங்க ஊர்ல அம்மன் கோயில் பொங்கலுக்குக் காப்பு கட்டியாச்சாம். "மழை நல்லாப் பெய்யணும், வெள்ளாமை விளையணும்னு போட்டிருக்கோம் தாயி" என்றதும் என் எட்டு வயசு மகள் முகம் மாறிடுச்சு.

"மழையை ஏன் அப்பத்தா கூப்பிடுறீங்க?"

ஷார்ஜாவில் பிறந்தவள். அவளுக்குத் தெரிஞ்ச பெரிய மழை 2024 ஏப்ரல் 16-ல பெய்ததுதான். 1949-ல் பதிவு தொடங்கியதிலிருந்து அமீரகம் அப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரே நாளுக்குள் 254 மில்லிமீட்டர். எங்க பழைய கார் அன்னைக்குப் போனதுதான். அதே வருசம் டிசம்பர்ல நாடு முழுக்க மழை வேண்டித் தொழுகை நடந்ததைச் சொன்னேன். நம்பவே இல்லை!

சரி, செஞ்சே காட்டலாம்னு தட்டப்பயறும் பாசிப்பயறும் வாங்கி ஊறவெச்சோம். ஊர்ல ஓட்டிலோ கூடையிலோ வைக்கோல், காய்ஞ்ச எரு பரப்பி விதைப்பாங்க. எங்களுக்கு பிரியாணி டப்பாவும் கடையில வாங்கின மண்ணும். பால்கனியில வெச்சா கருகிடும், ஆனா முளைப்பாரிக்கு வெயிலே ஆகாது. இருட்டறையில வளர்ந்தால்தான் வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுன்னு நீளும்; பச்சையம் இல்லாததால வெளிறின மஞ்சளா நிக்கும். எங்க துணி அலமாரி அதுக்குத் தோதா அமைஞ்சது. தினமும் சாயங்காலம் தண்ணி தெளிக்கிறது அவ வேலை. கும்மியை யூடியூப் பார்த்துச் சமாளிச்சோம்.

பாரி நல்லா வளர்ந்தா அந்த வருசம் விளைச்சல் நல்லா இருக்கும்னு ஊர்ல சொல்வாங்க. வீட்டு விதை முளைக்குமான்னு விதைப்புக்கு முன்னாடியே தெரிஞ்சுடுதே, அதுவும் ஒரு காரணமா இருக்கணும்னு எனக்குத் தோணும்.

ஒன்பதாம் நாள், ஊர்ல பெண்கள் பாரியைத் தலையில் சுமந்துபோய் ஊருணியில் கரைச்ச அன்னைக்கு, மறுபடி கால். டப்பாவைத் தூக்கிக் காட்டிட்டு மகள் கேட்டாள்: "நம்ம வயல்ல என்ன போட்டிருக்கீங்க அப்பத்தா?"

நான் இங்க வேலைக்கு வந்ததிலிருந்து அது தரிசு. கருவேலம் மண்டிக் கிடக்கு. அம்மா என்னைப் பார்க்கலை.

"நம்மளது சும்மா கெடக்கு தாயி."

"அப்புறம் யாருக்கு மழை?"

"பக்கத்து வயக்காரன் போட்டிருக்கான்ல" என்றாங்க அம்மா.

டிசம்பர் லீவுக்கு மதுரை டிக்கெட் பார்த்துட்டு இருக்கேன். முதல்ல கருவேலத்தை வெட்ட எவ்வளவு ஆகும்னு கேக்கணும்.