முதுகில் பிளாஸ்திரி, டப்பாவில் லேபிள்!

எந்த ஃபேஸ் க்ரீம் டப்பாவை எடுத்தாலும் ஒரு மூலையில் அந்த வாசகம் இருக்கும். "தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது". சரி, சோதித்தார்கள். எத்தனை பேர் மேல்? ரிசல்ட் என்ன? அது மட்டும் இருக்காது. பரீட்சை எழுதியதைச் சொல்லிவிட்டு மார்க்கை மறைக்கும் பையன் மாதிரி!

சோதனை நிஜமானதுதான். க்ரீம் தடவிய பிளாஸ்திரியை முதுகில் ஒரே இடத்தில் மூன்று வாரத்துக்குள் ஒன்பது முறை ஒட்டுவார்கள். இரண்டு வாரம் இடைவெளி. பிறகு புது இடத்தில் ஒரு முறை. ஏன் இவ்வளவு நாள்? எரிச்சல் என்றால் சீக்கிரம் தெரிந்துவிடும். அலர்ஜி அப்படியல்ல. உடம்பு முதலில் அந்தப் பொருளை அடையாளம் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை வரும்போதுதான் சண்டைக்கு நிற்கும்.

இந்த முதுகுகள் யாருடையவை? அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை ஆல்பர்ட் க்ளிக்மன் என்ற தோல் மருத்துவர் கைதிகள் மேல் பேட்ச் டெஸ்ட் உட்படப் பல சோதனைகள் நடத்தினார். கைதிகளில் பலர் கறுப்பினத்தவர், ஏழைகள். கொஞ்சம் டாலருக்காக முதுகைக் கொடுத்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2021-லும் ஃபிலடெல்ஃபியா நகரம் 2022-லும் மன்னிப்புக் கேட்டன. இவ்வளவு விலை கொடுத்து வளர்ந்த துறை, முடிவை மட்டும் ஒளித்து வைப்பது என்ன நியாயம்?

இப்போது கணக்குக்கு வருவோம். பொதுவாக 50 முதல் 200 பேர் வரை சோதிக்கிறார்கள். 50 பேரில் ஒருவருக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 100-க்கு 6 பேர் வரை பாதிக்கப்படலாம் என்பதைப் புள்ளியியல்படி மறுக்க முடியாது. 200 பேர் என்றால் அது 1.5 ஆகக் குறையும். இரண்டு டப்பாவிலும் லேபிள் ஒன்றே!

சட்டம் போடலாமே என்றால், அமெரிக்கா முயன்றது. அலர்ஜி குறைவு என்று விளம்பரம் செய்ய சோதனை ஆதாரம் வேண்டும் என்று 1975-ல் விதி வந்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1977-ல் விதி ரத்து.

இந்தியாவில் ஒரு நல்ல உதாரணம் ஹேர் டை. முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையை லேபிளில் போட்டாக வேண்டும். காதுக்குப் பின்னால் அல்லது முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பார்க்கச் சொல்லும் அந்தச் சின்னக் காகிதம், எல்லா அழகான லேபிளையும் விட நேர்மையானது. (அதைப் படிக்காமல் கசக்கி எறிவது வேறு கதை!)

கேட்பது பெரிதல்ல. எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை பேருக்குச் சிவந்தது. மூன்றே எண்கள். காலாவதி தேதிக்கு இடம் இருக்கும் டப்பாவில் இதற்கு இடம் இருக்காதா?

அதுவரை, நாளைக்கு அக்கா கல்யாணம் என்று இன்று ராத்திரி புது க்ரீமை முகம் முழுக்கப் பூசாதீர்கள். முழங்கை மடிப்பில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள் தடவிப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ கழுவிவிட்டு நிறுத்திவிடுங்கள். ஐம்பது பேர் முதுகு என்ன சொன்னதோ தெரியாது... சொந்தக் கை பொய் சொல்லாது.