ஏடறியாத அரச மரபு

ஆப்பிரிக்காவின் வரலாறு ஐரோப்பியர் கப்பலேறி வந்த நாளில்தான் தொடங்கியது என்னும் எண்ணம் கற்றோரிடமும் இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஜூலு மன்னன் ஷாகாவை அறிந்தோர் பலர். அவன் தந்தை சென்சங்ககோனாவை அறிந்தோர் மிகச் சிலர். ஷாகா வானத்திலிருந்து குதித்தவன் போலவே பல நூல்கள் பேசுகின்றன. ('ஜூலு' என்னும் சொல்லுக்கு வானம் என்பதே பொருள், அது வேறு செய்தி.)

உண்மையில் அம்மரபு நெடியது. ஜூலு, புங்கா, மகேபா, ந்தாபா, ஜாமா, சென்சங்ககோனா எனத் தம் தலைவர்களின் பெயர்களை அம்மக்கள் நாவிலேயே காத்து வந்தனர். 'இம்போங்கி' எனப்படும் அரசவைப் பாவலர் ஒவ்வொரு தலைவனுக்கும் உரிய புகழ்ப்பாக்களை மனத்திலிருத்திப் பாடுவார். அவை வெறும் முகத்துதி அல்ல. மன்னனின் குறையைக் குத்திக்காட்டும் உரிமையும் அப்பாவலருக்கு உண்டு.

சென்சங்ககோனா பேரரசன் அல்லன். வெள்ளை உம்ஃபோலோசி ஆற்றையொட்டிய சிறு நிலப்பரப்பை ஆண்டு, ம்தெத்வா வேந்தன் டிங்கிஸ்வாயோவின் மேலாண்மையை ஏற்றிருந்த குலத்தலைவனே. ஏறத்தாழ 1816-இல் அவன் மறைந்தபின், மைந்தர் ஷாகா, டிங்கானே, ம்பாண்டே மூவரும் ஒருவர்பின் ஒருவராக அரசாண்டனர். 1828-இல் ஷாகாவை உடன்பிறந்தாரே கொன்றனர். அச்சதியில் அத்தை ம்கபாயிக்கும் பங்குண்டு என மரபுவழிச் செய்திகள் கூறும். 1840-இல் போயர்களின் துணையோடு டிங்கானேயை வீழ்த்திய ம்பாண்டே, 1872 வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆண்டான். இவனால் தீங்கு நேராது என்று எண்ணியே டிங்கானே முன்னர் இவனை உயிரோடு விட்டிருந்தான்! தன் பிள்ளையென ஷாகா எவரையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆதலின் 2021-இல் அரசுரிமை எய்திய மிசுசூலு வரை, பின்வந்த மன்னர் அனைவரும் ம்பாண்டேயின் வழியினரே. உலகம் ஷாகாவைப் பாடிக்கொண்டிருக்க, குலம் தழைத்ததோ எள்ளப்பட்டவனின் கிளையில்.

இவற்றையெல்லாம் செவிவழிக் கதை எனத் தள்ளுவோர், எழுத்துச் சான்றின் தகுதியையும் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஷாகாவைப் பற்றி முதலில் எழுதியவர்களுள் ஒருவர் நத்தானியேல் ஐசக்ஸ் என்னும் வணிகர். அவருடைய நூல் 1836-இல் வெளிவந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், நூலெழுத முனைந்திருந்த நண்பர் ஃபின்னுக்கு அவர் ஒரு மடல் விடுத்தார். ஷாகாவையும் டிங்கானேயையும் இயன்றமட்டும் குருதிவெறியராகத் தீட்டுக என்பதே அதில் அவர் கூறிய அறிவுரை. அச்சேறியது என்பதற்காகவே இத்தகையதை ஆவணமென்றும், பாடப்பட்டது என்பதற்காகவே மற்றதைக் கட்டுக்கதையென்றும் கொள்வது எவ்வகை நீதி?

ஷாகாவை மாசற்றவனாக்குவது நம் நோக்கமன்று. 1827-இல் தாய் நாண்டி இறந்தபோது அவன் நிகழ்த்திய கொலைகளை ஜூலு முதியோரும் மறைக்கவில்லை. அவர்களின் கூற்றுகளை 1897 முதல் இருபதாண்டுகளுக்கு மேலாகத் திரட்டியவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அவரும் குடியேற்ற ஆட்சியின் நடுவரே. எனவே அவர் குறிப்புகளையும் விழிப்போடுதான் பயில வேண்டும். ஆயினும் சொன்னவர் யார், சொன்ன நாள் எது, உடனிருந்தோர் எவர் என்பவற்றை அவர் குறித்து வைத்தார். அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து நபிமொழியின் தரத்தைக் கணிக்கும் கலையை அறிந்த நமக்கு, இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. வாய்மொழியும் ஆய்வுக்கு உட்படும், பொய் வடிகட்டப்படும். ஏறத்தாழ இருநூறு பேரின் அக்கூற்றுகள் 1976 முதல் தொகுதிகளாக வெளிவந்துள்ளன. ஜூலு வரலாறு எழுதப் புகுவோர் ஐசக்ஸின் நூலைத் தொடுமுன் அத்தொகுதிகளைத் திறப்பதே முறை.