இதர வேலைகள்

ஆள் எடுக்கும் முன் வேலை இன்னதென்று எழுது என்கிறது நிர்வாகவியல். எங்கள் பேங்கிலும் வகுப்பெடுத்தார்கள். கடமை என்ன, நேரம் என்ன, யாருக்குக் கீழே, அடுத்த படி எது என்று தெளிவாக எழுதினால் தகுந்த ஆள் வருவானாம், தகராறு வராதாம். நல்ல பேச்சுதான். யாருக்கு எழுதுகிறார்கள், யாருக்கு எழுதாமல் விடுகிறார்கள்?

நான் குமாஸ்தா. என் வேலைக்கு எல்லை உண்டு. கூடுதல் பொறுப்புக்குத் தனி அலவன்ஸ் உண்டு; யூனியன் ஒப்பந்தத்தில் அச்சாகிக் கிடக்கிறது. ‘இது என் சீட் வேலை இல்லை சார்’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம். போயிருக்கிறேன்.

பகுதிநேரத் துப்புரவுப் பணியாளருக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. வாரத்துக்கு 6 மணி நேரத்துக்கு மேல் 13 வரை மூன்றில் ஒரு பங்கு சம்பளம், 19 வரை அரை, 29 வரை முக்கால், அதற்கு மேல் முழுசு. நேரத்தை இத்தனை நுணுக்கமாக அளந்தவர்களுக்கு வேலையை எழுத மட்டும் கை வரவில்லை.

நான் முன்பு இருந்த கிளையில் அரைச் சம்பளத்தில் ஒரு அக்கா. அவரது ஆர்டரை வாங்கிப் படித்தேன். கூட்டிச் சுத்தம் செய்தல், மேலாளர் சொல்லும் இதர வேலைகள். அவ்வளவுதான். அந்த ‘இதர’வுக்குள் கக்கூஸ் இருந்தது, மேனேஜர் வீட்டு வாசல் இருந்தது. குடிதண்ணீர்ப் பானையில் கை வைக்கக் கூடாது என்பதும் இருந்தது. எந்தத் தாளிலும் இல்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் பின்பக்கச் சாக்கடை அடைத்துக்கொண்டது. “அவங்களுக்குப் பழக்கம்தானே” என்றார் மேனேஜர். பழக்கமாம்! எந்தக் கல்லூரியில் கொடுக்கிறார்கள் இந்தப் பட்டத்தை?

ஒரு மேனேஜரின் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும்வரை, மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களின் சிறைக் கையேடுகள் இதையேதான் சட்டமாக வைத்திருந்தன. கூட்டுகிற, அள்ளுகிற வேலை இன்ன சாதிக்கு, அல்லது அதற்குப் பழக்கப்பட்ட சமூகத்துக்கு. பாருங்கள், அங்கே பணி விவரம் எவ்வளவு தெளிவு! வெளியே அப்படி எழுத வெட்கம். அதனால் ‘இதர’.

மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. எந்தக் காண்டிராக்டர் ‘குழிக்குள் இறங்கு’ என்று எழுதித் தருகிறான்? துப்புரவுப் பணி என்றுதான் எழுதுவான். ஆள் செத்தால் “நாங்க இறங்கச் சொல்லலையே” என்பான். தாள் அவனைக் காப்பாற்றும்.

யூனியன் தோழர்களே, அலவன்சுக்குக் கொடி பிடிக்கிறோம். ‘இதர’ என்ற ஒரு சொல்லை அடி என்று எந்த வாயிற்கூட்டத்தில் கேட்டோம்? அந்த வாசலைக் கூட்டியது யார்?

நானே ஒரு தாள் எழுதினேன். எத்தனை அறை, எத்தனை கக்கூஸ், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. கையுறை யார் வாங்கித் தரணும். சாக்கடைக்கு ஆள் இல்லை, மெஷின். பியூன் இடம் காலியானால் முதல் உரிமை யாருக்கு. அக்காவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பேரச் சொல்லிக் கூப்பிடணும்னு எழுதலியே தம்பி?”

முதல் வரியாகச் சேர்த்தேன்.